தலைவருக்கே அனுமதி இல்லை

சங்கத்துக்கு வலைத்தளம் செய்து கொடுக்கும் வேலைக்கு ஜோலீனைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. விண்ணப்பம் போட்டவள் அவள் ஒருத்திதான் என்பது முதல் காரணம். நேர்காணலில் தலைவர் காளியண்ணன் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடிக்கும் வரை அவள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை என்பது இரண்டாவது.

"நல்ல அடக்கமான பொண்ணுலா," என்றார் தலைவர், அவள் எதிரிலேயே. "கம்ப்யூட்டர் எல்லாம் போகப் போகப் பழகிக்கும்."

ஜோலீன் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஆட்குறைப்பில் வேலை போன பிறகு, வீட்டிலிருந்தபடியே இணைய வகுப்பில் சேர்ந்து வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொண்டாள். செய்த பக்கங்கள் எல்லாம் அதுவரை அவளுடைய லேப்டாப்புக்குள்தான் ஓடியிருந்தன. ஊரார் போனிலும் அவை தெரிய வேண்டுமென்றால், எங்கோ ஓர் ஊரில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாடகைக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தச் சர்வர் பக்கம் அவள் போனதே இல்லை. இதை நேர்காணலில் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்த நேரத்தில் தலைவர் தம் இளமைப் பருவத்தில் இருந்தார்.

வட சிலாங்கூர் முன்னாள் தோட்ட மக்கள் நல்வாழ்வுச் சங்கம் என்பது முழுப்பெயர். தோட்டங்கள் கைமாறி, லய வீடுகளை இடித்துத் தள்ளி, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குச் சிதறிப்போன பிறகு அவர்களுக்காக ஆரம்பித்தது. கோல சிலாங்கூர் பழைய டவுனில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். மலாவத்தி குன்றிலிருந்து குரங்குகள் வந்து பரிசுக் கேடயங்களைத் தூக்கிப் போகின்றன என்பதால் சன்னல்களைத் திறப்பதில்லை. கேடயங்களைத் தவிர சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து ஒரு வேன்.

அந்த வேனுக்காகத்தான் ஜோலீன் அந்த வேலைக்குப் போனாள். சபாக்கிலிருந்து புறப்பட்டு, சுங்கை புரோங், தஞ்சோங் காராங் வழியாகச் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, கோல சிலாங்கூரில் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் விடும் வேன் அது. அவளுடைய அம்மா முரியல் அந்த வேனில்தான் போய்வந்தாள். இடம் வேண்டுமென்றால் முந்தின நாளே செயலாளர் சத்தியசீலனுக்குப் போன் செய்ய வேண்டும். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். எடுத்தால் எடுப்பார். எடுத்தால் ஓட்டுநர் இருசப்பனிடம் சொல்வார். சொன்னால் சரியான பெயரைச் சொல்வார். இந்த மூன்றும் ஒரே நாளில் நடப்பது அபூர்வம். போன வருடம் ஒரு நாள் முரியல் சிம்பாங் முச்சந்தியில் பஸ் நிழற்குடையின் கீழ் காத்திருக்க, பாதி காலியான வேன் அவளைக் கடந்து போய்விட்டது. அடுத்த நாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வேனில் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதை எல்லாரும் போனிலேயே பார்த்து, தாங்களே பதிந்து, அது நேரே இருசப்பன் போனுக்குப் போய்விட்டால்? ஒரு பக்கம் போதும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று ஜோலீன் நினைத்தாள். அவள் புதியவள்.

முதலில் சர்வரை வாடகைக்கு எடுத்தார்கள். கடவுச்சொல்லை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது.

"ஒருத்தர் கையில இருந்தா அது சர்வாதிகாரம்," என்றார் பொருளாளர் நாராயணசாமி.

ஆகவே கடவுச்சொல்லை மூன்றாகப் பிரித்தார்கள். முன்பகுதி தலைவருக்கு, நடுப்பகுதி செயலாளருக்கு, கடைசிப் பகுதி பொருளாளருக்கு. ஜோலீன் சர்வருக்குள் போக வேண்டும் என்றால் மூவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் மூடிய சன்னலைப் பார்த்து நிற்க வேண்டும். வலைத்தளம் செய்கிறவளான ஜோலீன், வெளியாள் என்பதால், மாடிப்படியில் போய் நிற்க வேண்டும். கடவுச்சொல் தவறு என்று திரை சொல்லும். யாருடைய பகுதி தவறு என்று அது சொல்லாது.

"நான் சரியாத்தான் அடிச்சேன்," என்பார் செயலாளர்.

"அப்போ நான் தப்பா அடிச்சேன்னு சொல்றீங்களா? சபையில வச்சுச் சொல்லுங்க, பாப்போம்," என்பார் பொருளாளர்.

சர்ச்சை முடிவதற்குள் சர்வர் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும். மறுபடி அது திறக்கும்வரை எல்லாரும் கீழே போய் தே தாரேக் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள். இப்படி ஒரு கோப்பை ஏற்றி முடிக்க ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. ஏற்றின பிறகு பார்த்தால் படங்கள் வரவில்லை. ஜோலீன் தன் லேப்டாப்பில் படம் இருந்த இடத்தையே விலாசமாகக் கொடுத்திருந்தாள். சர்வர் எங்கோ இருந்துகொண்டு அவள் வீட்டு லேப்டாப்பில் போய்ப் படத்தைத் தேட முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தவறு தன்னுடையது என்பதால் தலைகுனிந்து, மறுபடி மூவரையும் ஒன்றுகூட்டச் சில நாள் காத்திருந்தாள்.

இரண்டாம் தடவை பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். சர்வரில் கோப்புகளைப் போட வேண்டிய பெட்டி என்று ஜோலீன் முன்கூட்டியே குறித்து வைத்திருந்த பெயரில் 'பப்ளிக்' என்று இருந்தது.

"இது என்னாமா? பொதுமக்கள்னு போட்டிருக்கு?"

"அந்தப் பெட்டியில போட்டாத்தான் அங்கிள் எல்லாரும் பாக்க முடியும்."

"எல்லாருமா?" பொருளாளர் மற்ற இருவரையும் பார்த்தார். "மெம்பர் இல்லாதவனும் பாப்பானா? சந்தா கட்டாதவனும்?"

"வெப்சைட்னா அப்படித்தான் அங்கிள்."

"இதை மொதல்லயே சொல்லலையே நீ," என்றார் தலைவர் வருத்தமாக. பொருளாளர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு, அதன் பிறகே தம் பகுதியைத் தட்டினார்.

பக்கம் ஏறியது. படங்கள் வந்தன. ஜோலீன் வீட்டுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் முரியல் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள்.

"ஏய் ஜோலி, புதன்கிழமை சீட்டு இருக்குன்னு பச்சைக் கலர்ல காட்டுதுடி! அமுக்கவா?"

"வேணாம் மம்மி, இன்னும் கமிட்டி பாக்கல."

வாழ்க்கையில் அவள் சொன்ன மிகப் பெரிய முட்டாள்தனம் அந்த வார்த்தைதான். அமுக்கு மம்மி என்று சொல்லியிருக்கலாம்.

கமிட்டி பார்த்தது. வேன் நேரம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் படம் சிறிது என்று தலைவர் சொன்னார், அதைப் பெரிதாக்கினாள். பிறகு செயலாளர் சத்தியசீலன் தொண்டையைச் செருமினார். அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. கோப்புகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான் நம்ம மொதல் பக்கமா?"

"ஆமா அங்கிள். இண்டெக்ஸ்னு பேரு."

"பேரு. பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லோட மொதல் எழுத்து இங்கிலீஷ்ல எப்படி இருக்கணும்?"

ஜோலீன் விசைப்பலகையைப் பார்த்தாள்.

"பெரிய எழுத்து!" என்றார் செயலாளர். "முப்பது வருஷமா இதைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். நம்ம சங்கத்தோட மொதல் பக்கமே சின்ன எழுத்துல ஆரம்பிச்சா, பாக்கறவன் என்னா நினைப்பான்? தோட்டத்துக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு சொல்ல மாட்டான்?"

தலைவரின் முகம் இறுகியது. நம்மை யார் யாரெல்லாம் சின்ன எழுத்தில் எழுதினார்கள் என்பதைப் பற்றி அவர் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு சங்கத்தின் எல்லாக் கோப்புகளும் இனி பெரிய எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஜோலீனுக்கும் அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. தன் லேப்டாப்பில் பெயர்களை மாற்றிப் பார்த்தாள். எப்போதும் போல ஓடியது. பெரிதாக்கிய தலைவர் படத்தையும் புதிய வண்ணங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் சர்வரில் ஏற்றினாள், பழையதை அழித்தாள்.

பக்கம் போய்விட்டது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் நானூற்று மூன்று என்று ஓர் எண். அதன் கீழே, தடை செய்யப்பட்டது, இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அதன் பிறகு நடந்தவை யாருக்கும் நடக்க வேண்டாம். ஜோலீன் வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினாள். அனுமதி இல்லை என்றால் கோப்புகளுக்குச் சர்வர் கொடுத்திருக்கும் அனுமதி எண்களை மாற்ற வேண்டும் என்று ஒருவன் வீடியோவில் சொன்னான். மாற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று பெரியவர்கள் சன்னலைப் பார்த்தார்கள். அந்த எண்களை மாற்றினால் போதாது, மறைந்திருக்கும் ஒரு கோப்பை அழிக்க வேண்டும் என்று இன்னொருவன் சொன்னான். அழித்தாள். திரை அசையவில்லை. லேப்டாப்பில் திறந்தால் அதே பக்கம் குதிரைமாதிரி ஓடியது. சர்வரில் போட்டால் அனுமதி இல்லை. சர்வர் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. பொறுமை இல்லை, உதவி செய்யுங்கள் என்று எழுதினாள். அதற்கும் உங்கள் பொறுமைக்கு நன்றி என்றே வந்தது. பிரவுசரை மூடித் திறக்கச் சொன்னார்கள். மூடித் திறந்தாள். லேப்டாப்பை மூடித் திறந்தாள். ஒரு தடவை வீட்டுக் கதவைக்கூட ஓங்கி அறைந்து மூடித் திறந்தாள்.

விவரம் கமிட்டிக்குப் போனது. தலைவர் காளியண்ணன் திரையை நீண்ட நேரம் பார்த்தார்.

"யாருக்கு அனுமதி இல்லன்னு சொல்லுது இது?"

"பாக்கறவங்க எல்லாருக்கும், அங்கிள்."

"இப்ப பாக்கறது நானு."

"ஆமா அங்கிள்."

"அப்போ தலைவருக்கே அனுமதி இல்லயா?"

செயலாளர் நிலைமையைக் காப்பாற்றினார். சர்வருக்கு யாரும் முறைப்படி அதிகாரம் கொடுக்கவில்லை, பாவம், அது என்ன செய்யும் என்றார். ஆகவே, நமது வலைத்தளத்தை நமது தலைவருக்குக் காட்ட இச்சபை சர்வருக்கு அனுமதி வழங்குகிறது என்று தீர்மானம் எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டார்கள்.

"சர்வரோட அட்ரஸ் சொல்லும்மா," என்றார் செயலாளர்.

ஜோலீனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. களைப்பில், திரையிலிருந்த சர்வர் முகவரி எண்ணை வாசித்துவிட்டாள். செயலாளர் அதை உறைமேல் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"புள்ளி புள்ளியா நம்பர்தான் இருக்கு. ரோடு பேரு என்னா?"

அந்த வாரமே முரியலை வேன் மறுபடி விட்டுப் போயிற்று. செயலாளர் போனை எடுத்தார், சரி என்றார், வேறு யாருடைய பெயரையோ இருசப்பனிடம் சொல்லிவிட்டார். ஜோலீன் அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். தஞ்சோங் காராங் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முரியல் ரெயின்கோட்டுக்குள் மகள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அவள் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி வரவரத் தளர்வது தெரிந்தது. லோரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின.

"மம்மி, தூங்காத! பேசு!"

"என்னாத்த பேசுறது," என்றாள் முரியல். "உன் வெப்சைட் ஓடுதா?"

ஜோலீன் ஒரு கையை எடுத்து, அம்மாவின் கைகளைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

நிலையத்தில் அம்மாவை இயந்திரத்தோடு இணைத்த பிறகு, நனைந்த சட்டையோடு நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, கோபத்தில் போனை நோண்டினாள். தன்னைப் போலவே மாட்டிக்கொண்ட எவனோ ஒருவன் எந்த நாட்டிலிருந்தோ கேட்ட கேள்வியும், அதற்கு இன்னொருவன் கொடுத்த ஒற்றை வரிப் பதிலும் கண்ணில் பட்டன. உன் லேப்டாப்புக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, சர்வருக்கு அவை வேறு வேறு. சர்வர் தேடுவது சின்ன எழுத்து இண்டெக்ஸை. அது இல்லையென்றால் பெட்டியைத் திறந்து காட்டாமல் கதவைச் சாத்தும்.

ஜோலீன் அதை மறுபடி வாசித்தாள். ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து. நர்ஸ் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு அவள் முகம் மாறியிருந்தது.

மறுநாளே கமிட்டி முன் நின்றாள்.

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் அங்கிள். மொதல் எழுத்தைப் பழையபடி சின்னதா மாத்தினா போதும். ஒரு நிமிஷ வேலை."

செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தப்புன்னா யாரு தப்பு?"

"யாரு தப்பும் இல்ல அங்கிள். சர்வருக்கு அப்படி ஒரு பழக்கம்."

"சர்வருக்கு இங்கிலீஷ் கிராமர் தெரியலன்னா நாம தெரியாதவனா ஆவணுமா?"

"அங்கிள், எங்க மம்மியை நேத்து மழையில பைக்ல வச்சுக் கூட்டிட்டுப் போனேன். வேன்ல இடம் இருந்துச்சு. உங்களுக்குப் போன் பண்ணியும்..."

"அது வேற சப்ஜெக்ட்," என்றார் பொருளாளர். "இன்னைக்கு அஜெண்டாவுல வேன் இல்ல."

தலைவர் கையை உயர்த்தினார். குரல் மிகவும் கனிவாக இருந்தது. "இங்க பாரும்மா. ஒருமனசா எடுத்த தீர்மானத்தை மாத்தணும்னா ஒருமனசா எடுக்கணும். செயலாளருக்கு மனசு இல்ல. நான் என்னா பண்றது? அதுவும் இல்லாம, திறப்பு விழாவுக்கு நம்ம தொகுதி ஒய்.பி. தேதி குடுத்துட்டாரு. டேவான் புக் பண்ணியாச்சு. பிரியாணிக்குச் சொல்லியாச்சு. இந்த நேரத்துல போய் எழுத்தை மாத்தணும்னு சொல்றியே?"

"சைட் ஓடலயே அங்கிள்! என்னாத்தத் தொறப்பீங்க?"

"அது தலைவரோட கவலை," என்றார் தலைவர்.

திறப்பு விழாவன்று டேவான் மண்டபம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, மாலைகள், ஊதுவத்தி எல்லாம் இருந்தன. மேடையில் ஜோலீனின் லேப்டாப்பைப் பட்டுத் துணி விரித்த மேசையில் வைத்திருந்தார்கள். நிர்வாகிகள் மூவரும் மங்கல இசை முழங்கக் கடவுச்சொல்லின் மூன்று பகுதிகளையும் தட்டி, சர்வரைத் திறந்து வைத்தார்கள். மூவாயிரம் கண்களுக்கு நடுவில் தட்டினதாலோ என்னவோ, முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. பிறகு ஒய்.பி. என்று எல்லாரும் அழைக்கும் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெரிய திரையில் எழுத்துகள் எழுந்தன.

தடை செய்யப்பட்டது. உங்களுக்கு அனுமதி இல்லை.

கைதட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. ஒய்.பி. திரும்பித் தலைவரைப் பார்த்தார். ஜோலீன் மேடையோரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். காளியண்ணன் மட்டும் நிதானமாக ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! திரையிலே என்ன எழுதியிருக்கிறது? அனுமதி இல்லை! இன்றைக்கு எல்லாச் சங்கமும் வலைத்தளம் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகிறான், பார்க்கிறான், வருகிறான். அது வலைத்தளமா, சந்தைக்கடையா? நமது தளத்தைப் பாருங்கள்! ஓர் ஈ உள்ளே நுழைய முடியாது! மாண்புமிகு ஒய்.பி. அவர்களுக்கே அனுமதி இல்லை! ஏன், உங்கள் தலைவன் எனக்கே அனுமதி இல்லை! தலைவனுக்கே அனுமதி மறுக்கும் ஜனநாயகம் வேறு எந்தச் சங்கத்திலே இருக்கிறது? இத்தனை ஆண்டுகளாக நாம் நடத்தி வருகிற சேவையின் உண்மையான வடிவம் இதுதான்!"

கைதட்டல் டேவான் கூரையைத் தூக்கியது. ஒய்.பி. முதலில் தயங்கி, பிறகு எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். பாதுகாப்பான இணையச் சேவைக்காகத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார். கூட்டம் பிரியாணிக்கு நகர்ந்தது. நிர்வாகிகள் மூவரும் படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள்.

மேடையில் லேப்டாப்போடு ஜோலீன் மட்டும் இருந்தாள். லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனவள் நின்றாள். சர்வர் திறந்தே கிடந்தது. மூடுவதற்கென்று யாரும் தீர்மானம் போடவில்லை.

அவள் சுற்றிப் பார்க்கவில்லை. பயமும் வரவில்லை. இத்தனை வாரம் மண்டைக்குள் கொதித்துக் கொதித்து அந்த இடத்தில் எதுவும் மிச்சம் இல்லாமல் போயிருந்தது. கோப்பின் பெயரில் சொடுக்கி, பெரிய எழுத்தை அழித்து, சின்ன எழுத்தைத் தட்டினாள். தன் போனில் திறந்து பார்த்தாள். வேன் படம் வந்து நின்றது. பச்சை நிறத்தில் காலி இடங்கள் வரிசையாக வந்தன. டேவானுக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மம்மி, அமுக்கு."

அடுத்த நாள் காலையில் தலைவரின் அழைப்பு வந்தது.

"ஜோலீன்! போச்சும்மா! நம்ம சைட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்! எல்லாம் தெரியுது!"

"என்னா தெரியுது அங்கிள்?"

"எல்லாமே! வேன் நேரம், இடம், இருசப்பன் போன் நம்பர்! சபாக்ல இருந்துகூட ஆளுங்க இடம் போட்டிருக்காங்க! ஒடனே பாலாய்க்கு வா. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்."

போலீஸ் நிலையத்தில் முகப்பில் இருந்த சார்ஜன் சசிகுமாரின் எதிரே மூவரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பொருளாளர் துக்க வீட்டுக்கு வந்தவர் போல் தோளில் துண்டு போட்டிருந்தார். சார்ஜன் கணினியில் இரண்டு விரல்களால் புகாரைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜோலீன் பின்னால் சுவரோரமாக நின்றாள்.

"என்னா காணாம போச்சு?"

"ஒண்ணும் காணாம போகல சார்," என்றார் தலைவர்.

"என்னா ஒடைஞ்சிச்சு?"

"ஒடையல. தொறந்துடுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"ஒரு நாள்கூட யாராலயும் தொறக்க முடியாம இருந்துச்சு சார். ஒய்.பி. வந்து பொன்னாடை போத்துன சைட்டு."

சார்ஜன் தட்டுவதை நிறுத்திவிட்டு, தம் போனை எடுத்துத் தளத்தைத் திறந்தார். கொஞ்ச நேரம் விரலால் தள்ளிப் பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு? வேன்ல எங்கெங்க இடம் இருக்குன்னு காட்டுது."

"அதான் சார் அநியாயம்!" என்றார் பொருளாளர். "வேன்ல இடம் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!"

"காலையில இருந்து என் போன் அடிக்கவே இல்ல சார்," என்றார் செயலாளர் சத்தியசீலன். அவர் குரல் உடைந்தது. "யாரும் என்னைக் கேக்காமலே போறாங்க. முப்பது வருஷமா ஆங்கிலம் சொல்லிக் குடுத்தவன் நான். மொதல் எழுத்தைச் சின்னதா ஆக்கிட்டான் சார் அந்தப் பாவி."

ஜோலீனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"நான்தான் சார்," என்றாள். "ஹேக் எல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு எழுத்தை மாத்துனேன். அவ்ளோதான். எங்க மம்மி இன்னைக்கு வேன்ல போயிருக்காங்க. என்னை என்னா வேணும்னாலும் பண்ணிக்குங்க."

தலைவர் எழுந்து நின்றார். அவர் கை ஜோலீனை நோக்கி நீண்டது, வாய் திறந்தது. அதற்குள் சார்ஜன் சசிகுமார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தலைவரே, சபாக்ல எங்க அம்மா இருக்காங்க. வள்ளியம்மான்னு பேரு. டயாலிசிஸ்க்கு வாரத்துக்கு மூணு தரம் நான் லீவு போட்டுக் கூட்டிட்டு வரேன். இதுல அவங்களுக்குப் போடலாமா? வெள்ளிக்கிழமை பச்சையா இருக்கு."

நீண்டிருந்த கை காற்றில் அப்படியே நின்றது. பிறகு மெல்ல வளைந்து, ஜோலீனின் தோளைத் தட்டியது.

"என்னா சார் இப்படிக் கேக்கறீங்க?" என்றார் காளியண்ணன். அவர் முகத்தில் மேடை வெளிச்சம் விழுந்தது போல் இருந்தது. "அதுக்குத்தானே இந்த சைட்டைத் தொறந்தது! பொதுமக்கள் எல்லாரும் பாக்கணும்ங்கறது என்னோட ரொம்ப நாள் கனவு சார். இந்தப் பொண்ணு சும்மா கைதான் வச்சா. மூளை என்னோடது. அம்மாவுக்குப் போட்டுக் குடும்மா ஜோலீன்."

ஜோலீன் சார்ஜனின் போனை வாங்கி, வள்ளியம்மாவின் பெயரைத் தட்டிக் கொடுத்தாள். அழுத்தியதும் பெயர் பதிந்தது. சார்ஜன் போனைத் திரும்ப வாங்கி, அந்தப் பெயரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இந்த ரிப்போர்ட் வேணாம், இல்லயா?"

"எதுக்கு சார் வேணாம்? எழுதினது எழுதினதா இருக்கட்டும்," என்றார் காளியண்ணன். "நாளைக்கு வேற யாராச்சும் வந்து இதைத் தொறந்தது தான்தான்னு சொன்னா, இல்ல நான்தான்னு காட்ட நம்ம கையில ஒரு ஆதாரம் வேணும். ஹேக்கர்னு போட்டிருக்கீங்கல்ல, அந்த எடத்துல எல்லாம் தலைவர் காளியண்ணன்னு மாத்திடுங்க."

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும் சார். ஒரு எடம்கூட விட்டுடாதீங்க."

சார்ஜன் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விசைகளைத் தட்டினார். அச்சுப்பொறி உறுமி, மலாய் மொழியில் ஒரு தாளைத் துப்பியது. எட்டிப் பார்த்த ஜோலீன் அதை வாசித்தாள். சங்கத்தின் இணையத்தளத்துக்குள் நேற்று மதியம் தலைவர் காளியண்ணன் அனுமதியின்றி அத்துமீறி நுழைந்தார் என்றும், அதனால் சங்கத்தின் பெயருக்குப் பெரும் களங்கம் ஏற்பட்டது என்றும், தலைவர் காளியண்ணனைத் தேடிப் பிடித்துக் கடுமையான தண்டனை வழங்க வேண்டும் என்றும், அச்சங்கத்தின் தலைவர் காளியண்ணன் அதில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க," என்றார் சார்ஜன்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாமயா சார்?" காளியண்ணன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். செயலாளரும் பொருளாளரும் சாட்சிகளாகக் கீழே போட்டார்கள்.